வசு, உன் மாடல்தான் பொருந்துகிறது

என் வசுவுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது உன் ஃபைலைத் திறந்ததுதான். முகம்கூடக் கழுவவில்லை. கீழே யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள், பிறகு மீன்காரரின் குரல் கேட்டது. நான் மேஜை முன்னால் உட்கார்ந்து, இரண்டு வருடமாகத் தொடாமல் வைத்திருந்த உன் மாடலை, நம் மாணவி அனிந்திதா போன வாரம் முடித்த புது வரைபடத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

பொருந்துகிறது, வசு. நாம் சண்டை போட்ட அந்த இடத்தில் உன்னுடையதுதான் பொருந்துகிறது. என்னுடையது இல்லை.

முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் உனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வங்காளியில் படித்தவள் நீ. நான் தமிழில் செய்தி அனுப்பினால் உடனே குரல் பதிவு வரும்: “அக்கா, இந்த ஜிலேபியெல்லாம் எனக்கு வேணாம். நேர்ல படிச்சுச் சொல்லு.” அதனால் இதை எழுதிவிட்டு உரக்க வாசிக்கப்போகிறேன். கேட்க விரும்புகிற மற்றவர்களும் கேட்கட்டும். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், நீ பொறுத்துக்கொள்.

ஜாதவ்பூரில் எம்.எஸ்ஸி. வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாம் இருவர்தான். நான் திருச்சியிலிருந்து வந்து, சாதத்தில் கடுகெண்ணெய் வாசனையைத் தாங்க முடியாமல் அழுதுகொண்டிருந்தவள். நீ அந்த எண்ணெயிலேயே வளர்ந்தவள். நான்கு மாதம் மூத்தவள் என்பதற்காக என்னை அக்கா என்றாய். கேலி செய்யும்போது மட்டும் அதையே வங்காளியில், ‘திதி’. அதன்பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஆய்வுக்கூடம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வங்காளிகள் உன் பெயரைப் ‘பொஷுமோத்தி’ ஆக்கினார்கள். நீயும் அதற்குத் திரும்பிப் பார்த்தாய்.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று உன் அம்மாவுக்கு நீ விளக்கிய நாள் நினைவிருக்கிறதா? குளிர்காலம். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். “அப்படி என்னாத்தடி பாக்குறீங்க ரெண்டு பேரும், வருசக்கணக்கா?” என்று கேட்டார்.

சாம்பாருக்கு நறுக்கிவைத்த முருங்கைக்காய்த் துண்டுகளில் ஏழை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்து, கற்றையாகப் பிடிக்கச் சொன்னாய்.

“உன் விரல்தான் செல்லோட சுவர். இந்த ஏழும் சுவர்ல குத்தி நிக்குது. இதுக்குப் பேரு ஏற்பி. மேல வெளிய, கீழ உள்ள. வெளியேருந்து ஒரு சேதி வருது. பயமோ, பசியோ, வாசனையோ. அது மேல வந்து தொடும். உள்ள வராது. தொட்டா என்ன ஆகும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, ஆறாவது துண்டின் அடி நுனியை மட்டும் வெளிப்பக்கமாகத் தள்ளினாய். கற்றையின் அடியில் ஒரு சந்து விழுந்தது. உன் இன்னொரு கை ஒரு பட்டாணியை மூடிப் பிடித்திருந்தது. அதுதான் ஜி-புரதம். அந்தக் கையின் சுண்டுவிரலைச் சந்துக்குள் விட்டு வளைத்தாய். விரல் நுழைந்ததும் மூடிய கை இளகிப் பட்டாணி கீழே விழுந்தது.

“பழைய பட்டாணிய விட்டாத்தான் புதுசு வந்து ஒக்காரும். புதுசு வந்ததும் விரல் கழண்டுக்கும். ஜி-புரதம் ரெண்டாப் பிரிஞ்சு ஓடும், உள்ள இருக்கறவங்களுக்குச் சேதி சொல்ல. அவ்வளவுதான். உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுல்ல, அது இதுதான்.”

முன்னறையிலிருந்து உன் அப்பா குரல் கொடுத்தார், “நாங்க யார்டுல வண்டி கோக்குற மாதிரின்னு சொல்லு.” முப்பது வருடம் சாந்த்ராகாச்சி யார்டில் ஷண்டிங் பார்த்தவர் அவர்.

“இல்லப்பா. நீங்க கோக்குறது சேந்து போறதுக்கு. இது கோத்துக்கிறதே பிரிஞ்சு போறதுக்கு.”

அம்மா பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டே, “இதுக்கா எம்மவளுக்குச் சம்பளம் தராங்க?” என்றார்.

நான் அன்று சிரித்தேன். உண்மையில் கஷ்டம் அங்கேதான் இருந்தது. விரல் உள்ளே இருக்கும் கணத்தை அப்படியே படம் எடுக்க வேண்டும், ஆனால் உயிருள்ள செல்லில் அது கண நேரம்கூட நிற்காது. புதுப் பட்டாணி காத்துக்கொண்டே இருக்கும். அதனால் நாம் இன்னொரு நொதியைச் சேர்த்து, சுற்றியிருக்கும் பட்டாணிகளையெல்லாம் சிதைத்துவிடுவோம். பழையது போய்விட்டது, புதியது வர வழியில்லை. வெறுங்கையோடு இரண்டும் ஒன்றையொன்று பிடித்தபடி நிற்கும். அதை உறையவைத்துப் படம் எடுப்போம். முதல் தடவை அது நின்றபோது எல்லோரும் கை தட்டினார்கள். நீ மட்டும், “பாவம்ல அக்கா, விடவே மாட்டேங்குறோம்” என்றாய்.

உறையவைத்த மாதிரிகளைத் தெற்கே பெரிய நுண்ணோக்கி இருக்கும் ஊருக்கு ரயிலில் கொண்டுபோவோம், நைட்ரஜன் ஊறிய அந்த அலுமினிய உருளையில். ஒருமுறை எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் தாங்காமல், “இலிஷ் நாக்கி, திதி?” என்று கேட்டார். இலிஷ் மீனா என்று. இல்லை மாமா, புரதம் என்றாய் வங்காளியில். “அப்படின்னா இலிஷ்தான்” என்றார் அவர். பாலசோர் வரும்வரை நீ சிரித்துக்கொண்டே வந்தாய்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நுண்ணோக்கி நமக்குத் தருவது ஒரு மூட்டம்தான். புகை மாதிரி. அதைத்தான் வரைபடம், மேப் என்கிறோம். அந்தப் புகைக்குள் புரதத்தின் அமினோ அமிலங்களை வரிசையாக, மணி கோப்பதுபோல் கோத்துப் பொருத்த வேண்டும். அதுதான் மாடல். புகை அடர்ந்த இடத்தில் எந்த மணி எங்கே என்று தெளிவாகத் தெரியும். மெலிந்த இடத்தில் ஒரு மணி தள்ளிக் கோத்துவிட்டாலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மணிச்சரத்தின் சுருள் சுருளாகவே இருக்கும். ஆனால் அதற்கப்புறம் எல்லா மணியும் தவறான இடத்தில் நிற்கும்.

அதற்காகத்தான் நம் வழக்கம். ஒரே வரைபடத்தை நீ தனியாக, நான் தனியாக. ஒருவர் திரையை மற்றவர் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் பொரியும் தேநீருமாக உட்கார்ந்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைப்போம். ஒத்துப்போகாத இடத்தில் வாதாடுவோம். வாதாடியும் தீராவிட்டால், அந்த மணியின் பக்கக் கிளையை வெட்டி மொட்டையாக விட்டுவிட வேண்டும். தெரியாது என்பதைத் தெரியாது என்றே காட்ட வேண்டும். நாம் அந்த விதியை ஒரே ஒரு முறைதான் மீறினோம். நாம் என்று எழுதிவிட்டேன். மீறியது நான்.

ஏற்பியின் மூன்றாவது, நான்காவது முருங்கைத் துண்டுகளுக்கு நடுவே, உள்பக்கம் ஒரு சின்ன வளைவு உண்டு. சுண்டுவிரல் சந்துக்குள் போகும்போது, இந்த வளைவும் ஜி-புரதத்தின் ஒரு குழிக்குள் ஒரு மணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது பிடி. யாரும் அதிகம் பார்க்காத நம் ஏற்பியில் அந்தக் குழிக்குள் உட்காருவது எந்த மணி என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில் மூட்டம் மெலிந்திருந்தது. லூசின் என்றேன் நான். அடுத்தது, ஃபினைல் அலனின் என்றாய் நீ. ஒரு மணிதான் வித்தியாசம்.

அப்போது உனக்கு நான்காவது கீமோ முடிந்திருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு, சாந்த்ராகாச்சியிலிருந்து லோக்கலில் ஹவுரா வந்து, அங்கிருந்து பஸ்ஸில் சால்ட் லேக்கில் இருக்கும் நம் ஆய்வுக்கூடத்துக்கு வருவாய். லூசினை மாற்றி நான் ஏற்கெனவே சோதனை செய்திருந்தேன். சமிக்ஞை பாதியாகக் குறைந்திருந்தது. அதை உன் முன்னால் போட்டு, “பாத்தியாடி?” என்றேன்.

“பாதிதானே கொறஞ்சுது. கொக்கியக் கழட்டுனா வண்டி பாதியா நிக்கும்? ஃபினைல மாத்திப் பாரு.”

“அதுக்கு மூணு மாசம் ஆகும்.”

“ஆகட்டும்.”

“வசு, மருந்து மயக்கத்துல பேசாத.”

சொல்லிவிட்டேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் திரும்ப எடுக்கவில்லை. நீ பொரிக் காகிதத்தை மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாய்: “மயக்கம் எனக்குத்தான் அக்கா. மேப்புக்கு இல்ல.”

ஏன் அந்தக் கிளையை நான் வெட்டவில்லை? உன் பெயர் முதலில் இருக்கும் ஒரு பெரிய கட்டுரை, நீ இருக்கும்போதே வர வேண்டும் என்று நினைத்தேன். அந்த லூசின்தான் கட்டுரையின் தலைப்பே. அதை மொட்டையாக விட்டால் இன்னும் ஒரு படம், அவ்வளவுதான், பெரிய பத்திரிகை தொடாது. மூன்று மாதம் நம்மிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் இது மட்டுமே உண்மை இல்லை என்பதும் உனக்குத் தெரியும். எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுரை வந்த அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

வெளியீட்டுக்கு முந்தைய பிரதியை வண்ணத்தில் அச்செடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தேன். நீ அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்தாய். விரலை அந்த வளைவின் மேல் வைத்தாய். பிறகு எடுத்தாய்.

“கலர் நல்லாப் பண்ணியிருக்க” என்றாய். கொஞ்சம் கழித்து, “அம்மாவுக்கு ஒரு காப்பி குடு. என் பேரு எங்கன்னு வெரல் வச்சுக் காட்டு.”

இந்த இரண்டு வருடத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேன். ஒத்துக்கொண்டாயா? களைத்துப்போனாயா? என்னை மன்னித்தாயா, இல்லை என்னோடு பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாயா? கேட்கவில்லை நான். ஐந்து வாரத்தில் நீ போய்விட்டாய்.

போன மாதம் நம் மாணவி அனிந்திதா, யாரும் கேட்காமலேயே அந்த ஃபினைல் அலனினை மாற்றிப் பார்த்திருக்கிறாள். சமிக்ஞை பாதியாகவில்லை, வசு. ஒன்றுமே இல்லை. ஏற்பி வெளியே தொடப்படுகிறது, உள்ளே யாருக்கும் சேதி போகவில்லை. அதற்கப்புறம்தான் அவள் புதிதாகப் படம் எடுத்து, போன வாரம் வரைபடத்தை முடித்தாள். இதில் அந்த இடத்தில் மூட்டம் மெலியவில்லை. குழிக்குள் ஃபினைல் அலனினின் வளையம், ஆறு பக்கமும் தெரிகிறது.

அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் காட்டினாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். வங்காளியில்தான் சொன்னாள்: “ஹேமா திதி, புது பேப்பர்ல தெளிவான படம்னு போட்டுடலாம். பழசப் பத்தி ஒரு வரி, அதுவும் பின்னிணைப்புல. யாரும் கவனிக்க மாட்டாங்க. வசு திதி பேருக்கும் கெடுதல் இல்ல.”

உன் மேல் இருக்கும் பிரியத்தில்தான் சொல்கிறாள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதும் பொய் இல்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே தேவையில்லாத அளவுக்கு அது வசதியாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். இப்போது சால்ட் லேக்கிலிருந்து ஹவுராவுக்கு ஒரே மெட்ரோ, ஆற்றுக்கு அடியில். ஜன்னலில் நீல விளக்கு ஓடும்போது குழந்தைகள் கங்கை, கங்கை என்று கத்துகின்றன. நீ இருந்திருந்தால் உன் பஸ் பயணம் முழுதும் மிச்சமாகியிருக்கும்.

அப்பா போனபின் அம்மா யார்டுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறார். சுவரில் உன் படம், மாலை. பக்கத்திலேயே கட்டுரையின் முதல் பக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள். நான் இருக்கும்போது பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தார். புதிதாகக் குடிவந்தவர். அம்மா அவரைச் சும்மா விடவில்லை. கையைப் பிடித்துச் சுவரருகே கூட்டிப்போய், விரலை வைத்து, “ஆமார் மேயேர் நாம். ப்ரொதோமே” என்றார். என் மகள் பெயர், முதலில்.

அவர் போனபிறகு நான் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்னா, தூசி கீசி இருக்குதா?” என்றார் அம்மா.

“இல்லம்மா. ஆஸ்பத்திரியில வசு இதப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

“என்னாத்த சொன்னா. லேப்டாப்ப எடுத்துக் குடுன்னா. நர்சு திட்டுச்சு. ட்ரிப்ஸு ஏறுற கைய வெச்சிக்கினு ரெண்டு நாளா ஏதோ இப்பிடி அப்பிடித் திருப்பித் திருப்பிப் பாத்தா. என்னாடி பண்ற, படுடின்னேன். ‘அக்காவுக்கு ஒரு நாளு தேவப்படும்’னா.” அம்மா தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். “ஒனக்குத் தேவப்பட்டுச்சா?”

நான் தலையாட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அதனால்தான் இன்று காலை உன் ஃபைலைத் திறந்தேன். கடைசியாகச் சேமித்த தேதி அதில் இருக்கிறது. நான் அச்சுப் பிரதியைக் காட்டியதற்குப் பிறகு, நீ போவதற்கு ஒன்பது நாள் முன்பு. அந்த வளைவை முதலிலிருந்து மறுபடியும் கோத்திருக்கிறாய். வேறு எதையும் தொடவில்லை. என்னைத் திட்டி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீ சரி என்பது உனக்குத் தெரிந்தே இருந்தது. நேரம் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. கடைசியாக மிஞ்சிய கொஞ்சம் பலத்தை எனக்காகச் செலவழித்திருக்கிறாய், வசு. நான் உனக்காக அவசரப்பட்டதாக இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அனிந்திதா சொன்ன வழியில் போனால் யாருக்கும் நஷ்டமில்லை, உன்னைத் தவிர. அந்தத் தவறு உன் பெயரோடு முதல் வரியில் நிற்கும், அதைச் சரியாகப் பார்த்தவள் நீதான் என்பது எங்கேயும் இருக்காது. வாயில்லாதவளின் பெயரில் என் தவறை வைத்துவிட்டு, அதைத்தான் உனக்குச் செய்த மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அனிந்திதாவிடமோ துறைத் தலைவரிடமோ அம்மாவிடமோ சொல்லவில்லை. கட்டுரையை நான் திரும்பப் பெறப்போகிறேன். திருத்தம் என்று ஒரு பத்தி போட்டு ஒதுங்க மாட்டேன். இரண்டு மாடல்கள் இருந்தன, ஒன்று வசுமதியுடையது, அதுதான் சரி, ஒத்துப்போகாத இடத்தை எங்கள் வழக்கப்படி வெட்டாமல் என்னுடையதை வைத்தவள் நான், அவள் மறுத்தாள், நான் கேட்கவில்லை என்று எழுதி, உன் ஃபைலைத் தேதியோடு சேர்த்து அனுப்புவேன். பதவி உயர்வைப் பற்றிக் கேள்வி வரும். வரட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அனுப்பும் முன் அம்மாவிடம் போவேன். அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போட மாட்டேன், நாளைக்கே போகிறேன். அவர் கோபப்படலாம். சுவரில் இருப்பதைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லலாம். அப்போது, ‘உங்க மகள் தோக்கல, தோத்தது நான்’ என்று அவருக்குப் புரியும் வரை சொல்வேன். எத்தனை தடவை ஆனாலும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அக்கா,
ஹேமா